முகலாய தர்பார்ல ஒரு குடும்பம் மேல வந்த கதைய நோட்டு போட்டு படிக்கிறது எப்படி

முகலாயர் வரலாறு படிக்க உக்காந்தா மூணாவது பக்கத்துலயே தலை சுத்தும். மிர்ஸா, பேக், கான், தௌலா, ஜங்னு பேருங்க வரிசை கட்டி வரும், நேத்து படிச்ச ஆசஃப் கான் இன்னிக்கு வேற யாரோவா இருப்பாரு, போன அத்தியாயத்துல செத்துப்போனவரு இந்த அத்தியாயத்துல வங்காளத்துக்கு சுபேதாரா, அதாவது ஆளுநரா, கிளம்புவாரு. பாபர் ஹுமாயூன் அக்பர் ஜஹாங்கீர்னு ராஜாங்க வரிசை நமக்கு ஸ்கூல்லயே மனப்பாடம், ஆனா அவங்களுக்குக் கீழ நின்னு ஆட்சிய ஓட்டுன ஆளுங்கள யாரும் சொல்லிக்குடுக்கல.

நான் பண்ற வழி இதுதான். எல்லாரையும் ஒரே நேரத்துல புரிஞ்சுக்க பாக்காதீங்க, ஒரே ஒரு குடும்பத்த எடுங்க, அவங்க ஊர விட்டு வந்த நாள்லேர்ந்து கடைசி பெரிய ஆள் சாகுற வரைக்கும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே போங்க. ஒரு குடும்பம் கைக்கு வந்துட்டா தர்பார் எப்படி ஓடுச்சுங்கிறது பாதி தானா புரிஞ்சிடும், மத்த குடும்பத்துக்கெல்லாம் அதே சாவிதான்.

எந்தக் குடும்பம்னு கேட்டா முதல் தடவைக்கு கியாஸ் பேக் குடும்பத்த எடுங்க. 1577 வாக்குல தெஹ்ரான் பக்கத்துலேர்ந்து பொழப்பு தேடி கிளம்புன மனுஷன். அவரோட மகள் நூர்ஜஹான், பேத்தி மும்தாஜ் மஹல், கொள்ளுப்பேரன் ஔரங்கசீப். தகவலும் நிறைய கிடைக்கும், ஏன்னா ஜஹாங்கீருக்கு நாள்குறிப்பு மாதிரி எழுதி வைக்கிற பழக்கம் இருந்துச்சு, யாருக்கு எந்த நாள் என்ன குடுத்தேன், யானை குடுத்தேன், கத்தி குடுத்தேன், பதவி ஏத்துனேன்னு கணக்குப்பிள்ளை மாதிரி குறிச்சு வச்சிருக்காரு.

நோட்ட குறுக்கால திருப்பி வச்சு அஞ்சு பத்தி போடுங்க. வருஷம், அப்போ அந்த ஆளுக்கு இருந்த பேரு, மன்சப் நம்பர் (தர்பார்ல அவரோட பதவித் தரத்த காட்டுற எண்), வேலையும் ஊரும், கல்யாணம். கடைசிப் பக்கத்த காலியா விடுங்க, அது யாரு செத்தப்போ சொத்து எங்க போச்சுன்னு எழுத. அந்தப் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம், அத அப்புறம் சொல்றேன்.

பேரு பத்தி: இங்கதான் எல்லாரும் கவுறது

தர்பார்ல பட்டம்தான் பேரு. ஒரு ஆளுக்கு பட்டம் குடுத்துட்டா அதுக்கப்புறம் எழுதுறவங்க யாரும் அவரோட சொந்தப் பேர சொல்ல மாட்டாங்க. அதைவிட மோசம், அந்த ஆளு செத்ததும் அதே பட்டம் இன்னொருத்தருக்குப் போயிடும். ஆசஃப்னா சுலைமான் நபியோட மந்திரி பேரு, அதனால நிர்வாகத்துல கெட்டிக்காரனுக்கெல்லாம் ஆசஃப் கான்னு குடுத்துகிட்டே இருந்தாங்க. 1564ல கோண்ட்வானா ராணி துர்காவதி மேல படையெடுத்துப் போனது ஒரு ஆசஃப் கான், அவரு சொந்தப் பேரு அப்துல் மஜீத். அதுக்கப்புறம் கஸ்வின் ஊர்க்காரர் கியாஸுத்தீன் அலி ஒரு ஆசஃப் கான், அப்புறம் ஜாஃபர் பேக் ஒரு ஆசஃப் கான், நாலாவதா நம்ம கியாஸ் பேக்கோட மகன் அபுல் ஹசன். நான் முதல் தடவ நோட்டு போட்டப்போ துர்காவதிய எதிர்த்துப் போனவரும் மும்தாஜோட அப்பாவும் ஒரே ஆளுன்னு நினைச்சு, 1564லேர்ந்து 1641 வரைக்கும் ஒரே கோடா இழுத்து வச்சிருந்தேன், 77 வருஷம் சர்வீஸ் பண்ணிருக்காரேன்னு ஆச்சரியம் வேற பட்டேன். கோடு ரொம்ப நீளமா போகுதுன்னா அது ரெண்டு ஆளுன்னு அர்த்தம்.

அதனால முதல் வேலையா, பேரு பத்தில ஒவ்வொரு ஆளுக்கும் பொறந்தப்போ வச்ச பேர கண்டுபிடிச்சு அத பென்சில்ல பக்கத்துல போட்டுக்கோங்க. இந்தக் குடும்பத்துக்கு நானே போட்டுத் தர்றேன். அப்பா கியாஸ் பேக், பின்னாடி இதிமாத் உத் தௌலா, அரசோட நம்பிக்கைத் தூண்ங்கிற மாதிரி அர்த்தம். மகன் அபுல் ஹசன், முதல்ல இதிகாத் கான், அப்புறம் ஆசஃப் கான், கடைசில யமீன் உத் தௌலா. இன்னொரு மகன் ஷாபூர், அண்ணன் ஆசஃப் கான் ஆனதும் அந்த இதிகாத் கான் பட்டம் பின்னாடி இவருக்கு வந்துச்சு, பாருங்க, அண்ணன் போட்ட சட்டைய தம்பி போட்டுக்கிற மாதிரி. இப்ராஹிம் இப்ராஹிம் கான் ஃபதே ஜங் ஆனாரு, நல்லவேளை பழைய பேரு உள்ளயே இருக்கு. மகள் மெஹருன்னிஸா முதல்ல நூர் மஹல், 1616லேர்ந்து நூர்ஜஹான். ஆசஃப் கானோட மகள் அர்ஜுமந்த் பானு மும்தாஜ் மஹல் ஆனாங்க, மகன் அபு தாலிப் ஷாயிஸ்தா கான் ஆனாரு. இந்த ஒரு பாராவ நோட்டோட முதல் அட்டைல ஒட்டி வச்சுக்கிட்டா பாதி தலைவலி போச்சு.

மன்சப் நம்பர படிக்கிற விதம்

7000/5000னு எழுதிருந்தா முதல் நம்பர் ஜாத், அந்த ஆளோட அந்தஸ்தும் சொந்தச் சம்பளமும் அதுல. ரெண்டாவது சவார், அவரு வச்சுக்க வேண்டிய குதிரைப்படை, அதுக்குத் தனியா காசு. குதிரைக்கு சூடு போட்டு அடையாளம் வைப்பாங்க, ஆளோட முக அடையாளத்த எழுதி வைப்பாங்க, ஏன்னா இல்லாட்டி கணக்கு காட்டுற அன்னிக்கு பக்கத்து வீட்டு குதிரைய ஓட்டிட்டு வந்து நிறுத்துவானுங்க. அக்பர் காலத்துல பெரும்பாலும் 5000ம்தான் பிரபுக்களுக்கு உச்சம், அதுக்கு மேல இளவரசங்களுக்கு, கடைசில மான்சிங் மாதிரி ரொம்ப வேண்டப்பட்ட ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் 7000 குடுத்தாங்க. இத மனசுல வச்சுக்கிட்டு இப்ப கியாஸ் பேக் பத்திய பாருங்க.

1595ல 300, காபூல் திவான், அதாவது வரவு செலவு பாக்குற அதிகாரி. அப்புறம் அரண்மனை சாமான், பட்டறை, கிடங்கு இதையெல்லாம் பாத்துக்கிற திவானா வர்றாரு. 1605ல ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்ததும் 1500, கூடவே இதிமாத் உத் தௌலா பட்டம். 1616ல 7000/5000. 1619ல 7000/7000.

இத எழுதி முடிச்சதும் கொஞ்சம் பேனாவ கீழ வச்சுட்டு யோசிங்க. நூர்ஜஹான் அழகுல ராஜா மயங்கிட்டாரு, அதனால குடும்பமே மேல வந்துச்சுன்னுதான நாம கேட்ட கதை? கல்யாணம் நடந்தது 1611 மே மாசம். அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே அப்பாவுக்கு 1500 மன்சப், பெரிய பட்டம், திவான் வேலை எல்லாம் இருந்துச்சு. அதுக்காக கல்யாணத்தால ஒண்ணுமே நடக்கலன்னும் சொல்ல முடியாது, அடுத்த அஞ்சு வருஷத்துல 1500லேர்ந்து 7000 ஆகுறது சும்மா வர்றதில்ல. என் கணக்குல, கல்யாணம் ஒரு லிஃப்ட், ஆனா அப்பன் ஏற்கெனவே படியேறி வந்து லிஃப்ட் வாசல்ல நின்னுகிட்டிருந்தாரு. இந்த வித்தியாசம் தேதி போட்டு எழுதுனாத்தான் தெரியும், கதையா கேட்டா தெரியாது.

300லேர்ந்து 1500 எப்படி வந்துச்சுன்னும் பாக்கணும். கியாஸ் பேக் ஒண்ணும் தெருவுல கெடந்தவரு இல்ல. அவரோட அப்பா பாரசீகத்த ஆண்ட சஃபாவி வம்சத்து ஷாவுக்குக் கீழ யஸ்த் ஊர்ல வஸீரா, அதாவது மந்திரியா, இருந்தவரு, அப்பா போனதும் குடும்பம் நொடிச்சுப் போச்சு. கர்ப்பமா இருந்த பொண்டாட்டி அஸ்மத் பேகத்தையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வர்ற வழில கொள்ளையடிச்சுட்டாங்க, காந்தஹார்ல மெஹருன்னிஸா பொறந்தா. கூட வந்த வணிகக் கூட்டத்தோட தலைவர் மாலிக் மசூத்ங்கிறவரு அக்பர்கிட்ட அறிமுகம் பண்ணி வச்சாரு. பாலைவனத்துல குழந்தைய போட்டுட்டு போனாங்க, பாம்பு குடை பிடிச்சுதுங்கிற கதையெல்லாம் பின்னாடி ஒட்டுனது, நோட்டுல எழுதாதீங்க, எழுதியே ஆகணும்னா ஓரத்துல எழுதுங்க. எழுத வேண்டியது என்னன்னா, கைல காசு இல்லாட்டியும் பாரசீக மொழி, கணக்கு, நல்ல கையெழுத்து, கடிதம் எழுதுற சாமர்த்தியம் இது நாலும் இருந்துச்சு, அஸ்மத் பேகத்தோட சொந்தக்காரங்க ஏற்கெனவே அக்பர்கிட்ட வேலைல இருந்தாங்க. அக்பர் ஆட்சி முழுக்க பாரசீகத்துல எழுதுற காகிதத்துலதான் ஓடுச்சு. அந்த மாதிரி எடத்துல இந்த மாதிரி ஆளுக்கு வேலை கிடைக்காம இருந்தாத்தான் அதிசயம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருத்தர் இவர பத்தி நல்லவரு, கோவமே வராது, வேலைக்காரங்கள திட்ட மாட்டாரு, சங்கிலி சாட்டையெல்லாம் வீட்டுல கிடையாது, ஆனா லஞ்சம் வாங்குறதுல மட்டும் ரொம்ப தைரியசாலின்னு எழுதி வச்சிருக்காரு. படிச்சதும் சிரிச்சுட்டேன். இந்த மாதிரி வரிய விடாம எழுதிக்கோங்க, பாராட்டு மட்டும் எழுதுனா நோட்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடும்.

தமிழ்ல ஏற்கெனவே இருக்குற வார்த்தைய வச்சே புடிங்க

கலைச்சொல்லுக்கு பயப்படாதீங்க, நிறைய நம்ம தாலுகா ஆபீஸ்லயே கெடக்கு. ஜமாபந்தில இருக்குற ஜமாதான் நிலத்துக்கு மதிப்பு போட்ட வருமானம். ஜாகிர்னா அந்த வருமானத்த வசூல் பண்ணிக்கிற உரிமை, நிலம் சொந்தம் இல்ல, மூணு நாலு வருஷத்துல தூக்கி வேற ஊர்ல போட்டுடுவாங்க. சம்பளத்த தாம் கணக்குல எழுதுவாங்க, 40 தாம் ஒரு ரூபா, அதனால கோடிக்கணக்குல தாம் பாத்ததும் வாயப் பொளக்காம 40ஆல வகுத்துப் பாருங்க. வக்கீல்னா கோர்ட்டுக்குப் போற ஆள் இல்ல, ராஜாவுக்கு அடுத்த ஆளு, எல்லாருக்கும் மேல. ஜப்தின்னா நம்ம ஜப்தியேதான், ஆள் செத்ததும் அரசாங்க ஆளுங்க வந்து வீட்ட பூட்டி சீல் வைப்பாங்க, கடன் பாக்கி கழிச்சுட்டு மிச்சத்துல குடும்பத்துக்கு எவ்வளவுங்கிறது ராஜா மனசு.

இந்த ஜப்திய புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் புரியும். அப்பனோட 7000 மகனுக்கு வராது. ஜாகிர் வராது, பட்டம் வராது. மகன் கீழேர்ந்து சின்ன நம்பர்ல ஆரம்பிக்கணும், அப்பன் பேரு கொஞ்சம் சீக்கிரம் ஏத்தி விடும், அவ்வளவுதான். அதனால ஒரு குடும்பம் நெலைக்கணும்னா சொத்து சேத்தா பத்தாது, ஒரே நேரத்துல நாலு ஊர்ல நாலு ஆள் வேலைல இருக்கணும், ராஜா காதுக்குப் பக்கத்துல ஒரு ஆளாவது இருக்கணும். உங்க நோட்டுல ஒரு வருஷத்துக்கு நேரா குறுக்கால விரல வச்சு எத்தன பேர் வேலைல இருக்காங்கன்னு எண்ணுங்க, அந்த எண்ணிக்கைதான் குடும்பத்தோட உண்மையான பலம்.

1620ம் வருஷத்துக்கு நேரா விரல வச்சுப் பாருங்களேன். அப்பா திவான். மகள் ராஜாவோட மனைவி, தன் முத்திரை போட்டு உத்தரவு அனுப்புறாங்க. ஆசஃப் கான் தர்பார்ல. இப்ராஹிம் கான் வங்காள சுபேதார். பேத்தி மும்தாஜ் குர்ரம் இளவரசரோட மனைவி, அவரு அப்ப ஷாஜஹான். இன்னொரு மகள் மனிஜாவோட வீட்டுக்காரர் காஸிம் கான் ஜுவைனி, பின்னாடி 1632ல ஹுக்ளிய போர்ச்சுகீசியர்கிட்டேர்ந்து புடிச்சது இவரு சுபேதாரா இருந்தப்போதான். ஒரே கோட்டுல ஆறு பேர். இங்கிலீஷ் ராஜா அனுப்புன தூதர் தாமஸ் ரோ 1616 ஜனவரில அஜ்மீர்ல ஜஹாங்கீர பாத்தாரு, வியாபார அனுமதிக்காக மாசக்கணக்கா அலைஞ்சாரு, எந்தப் பக்கம் திரும்புனாலும் இந்தக் குடும்பத்து ஆளு நிக்குறாங்கன்னு புலம்பிருக்காரு. ஒரு பெரிய முத்த ஆசஃப் கானுக்கு காட்டுனதுக்கு அப்புறம்தான் காத்து கொஞ்சம் மாறி அடிச்சுது.

1607ஐ சிவப்பு மையில எழுதுங்க

மேல வந்த கதைன்னா நேர்கோடா ஏறுதுன்னு நினைக்காதீங்க. இந்தக் குடும்பம் 1607ல முடிஞ்சிருக்கணும். அந்த வருஷம் நடந்தத பாருங்க. வங்காளத்துல பர்த்வான்ல மெஹருன்னிஸாவோட முதல் வீட்டுக்காரர் அலி குலி, பட்டம் ஷேர் ஆஃப்கன், அவர விசாரிக்கப் போன சுபேதார் குத்புத்தீன் கோகாவ வெட்டிட்டாரு, அங்கயே அவரையும் வெட்டிட்டாங்க. குத்புத்தீன் சாதாரண ஆள் இல்ல, ஜஹாங்கீரோட பால் சகோதரர், அவரோட அம்மாகிட்டதான் ஜஹாங்கீர் குழந்தையில பால் குடிச்சாரு, ராஜாவுக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும்னு பாத்துக்கோங்க. அதே வருஷம் ஜஹாங்கீரோட மூத்த மகன் குஸ்ரூ இளவரசருக்காக ஜஹாங்கீர கொல்ல போட்ட சதில கியாஸ் பேக்கோட மூத்த மகன் முகமது ஷரீஃப் மாட்டி மரண தண்டனை. அப்பாவயும் காவல்ல வச்சாங்க, 2 லட்சம் ரூபா அபராதம். ஒரே வருஷத்துல மருமகன் போச்சு, மகன் போச்சு, மானம் போச்சு.

இந்த எடத்துல கல்யாணப் பத்திய பாருங்க, அங்க ஒரு ஓட்டை தெரியும். அர்ஜுமந்த் பானுவுக்கும் குர்ரமுக்கும் நிச்சயம் ஆனது 1607. கல்யாணம் நடந்தது 1612. அஞ்சு வருஷம் சும்மா கெடந்துருக்கு, நடுவுல 1610ல குர்ரமுக்கு சஃபாவி ராஜ வம்சத்துப் பொண்ணோட வேற கல்யாணமே ஆயிடுச்சு. எந்தப் புத்தகமும் இதுதான் காரணம்னு உங்களுக்கு வாயத் தொறந்து சொல்லாம இருக்கலாம், ஆனா 1607ன்னு சிவப்புல எழுதிருக்குறதும் அந்த அஞ்சு வருஷ வெத்து எடமும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது எனக்கு சந்தேகம் இல்ல. 1611ல நூர்ஜஹான் கல்யாணம், அடுத்த வருஷமே இந்தக் கல்யாணம். பத்திய நிரப்புறது மட்டும் வேலை இல்ல, காலி எடத்தயும் படிக்கணும்.

1607லேர்ந்து 1611 வரைக்கும் நாலு வருஷம் மெஹருன்னிஸா சின்ன மகள் லாட்லியோட ஆக்ராவுக்கு வந்து அக்பரோட மூத்த மனைவி ருகையா பேகத்துக்குத் துணையா அந்தப்புரத்துல இருந்தாங்க. இத யாரும் பதவியா எண்ண மாட்டாங்க, மன்சப் பத்தில இதுக்கு எடமே கிடையாது, ஆனா 1611 நவ்ரோஸ், அதாவது பாரசீகப் புத்தாண்டு சமயத்துல ராஜா கண்ணுல பட்டது அங்கேர்ந்துதான். அதனால பொம்பளைங்களுக்கு நம்பர் இல்லையேன்னு விட்டுடாதீங்க, வேலை, ஊருங்கிற பத்தில "எந்த பேகத்துகிட்ட"ன்னு எழுதுங்க.

அஸ்மத் பேகத்தோட அத்தர்

இத எழுதாம போனா எனக்கு மனசு ஆறாது. அஸ்மத் பேகம் ரோஜாப்பூ பன்னீர் வடிச்சுக்கிட்டிருந்தப்போ, சூடான பன்னீர குடத்துலேர்ந்து தட்டுல ஊத்துனா மேல லேசா நுரை மாதிரி ஏடு கட்டுறத கவனிச்சாங்க. அத கொஞ்சம் கொஞ்சமா வழிச்சு எடுத்து சேத்து வச்சாங்க. ஒரு சொட்டு உள்ளங்கைல தேய்ச்சா ஒரு சபையே மணக்குமாம், ஒரே நேரத்துல நிறைய ரோஜா மொட்டு மலர்ந்த மாதிரி இருக்கும்னு ஜஹாங்கீர் உருகி எழுதிருக்காரு. முத்துமாலை ஒண்ண பரிசா குடுத்தாரு. பக்கத்துல இருந்த அக்பரோட இன்னொரு மனைவி சலீமா சுல்தான் பேகம் அதுக்கு ஜஹாங்கீரி அத்தர்னு பேரு வச்சாங்க. மாமியார் கண்டுபிடிச்ச வாசனைக்கு மருமகன் பேரு, அதுவும் மருமகன் சந்தோஷமா எழுதி வைக்கிறாரு. 7000/5000ங்கிற நம்பருக்குப் பின்னாடி இந்த மாதிரி சாயங்காலங்க இருந்துருக்கு, ஒரே தட்டுல மோந்து பாத்து பேரு வைக்கிற நெருக்கம்.

சடங்கையும் இதே மாதிரி கிட்டப்போய் பாருங்க. மன்சப் கிடைச்சா, ஜாகிர் கிடைச்சா, கில்லத்துன்னு மரியாதை உடுப்பு கிடைச்சா, யானை குதிரை கிடைச்சா மூணு தஸ்லீம் பண்ணனும், மத்ததுக்கெல்லாம் ஒண்ணு போதும். தஸ்லீம்னா வலது கைய பொறங்கை தரைல படற மாதிரி வச்சு, மெதுவா தூக்கிக்கிட்டே நிமிர்ந்து, உள்ளங்கைய தன் உச்சந்தலைல வைக்கிறது. என்னையே உங்ககிட்ட குடுத்துட்டேன்னு அர்த்தம். வீட்டுல கண்ணாடி முன்னாடி ஒரு தடவ பண்ணிப் பாருங்க, 60 வயசுக்கு மேல இத மூணு தடவ எல்லாரும் பாக்க பண்ணி எழுந்திருக்க முட்டி எவ்வளவு நல்லா இருக்கணும்னு தெரியும்.

குடும்பம் ரெண்டா உடையுற எடம்

இத தவறவிடாம குறிங்க, ஏன்னா எல்லாக் குடும்பத்துலயும் இது வரும். நம்ம நோட்டுல அது 1621. லாட்லி பேகத்த ஷஹ்ரியார் இளவரசருக்குக் குடுத்தாங்க, அவரு ஜஹாங்கீரோட கடைசி மகன். ஏற்கெனவே ஆசஃப் கானோட மகள் ஷாஜஹான் வீட்டுல. அண்ணனுக்கு ஒரு மருமகன், தங்கச்சிக்கு ஒரு மருமகன், சிம்மாசனம் ஒண்ணு. அது வரைக்கும் நடுவுல ஆணி மாதிரி இருந்தவங்க அப்பா அம்மா. 1621ல அஸ்மத் பேகம் போய்ட்டாங்க, மூணு மாசம் சொச்சத்துல, 1622 ஜனவரில கியாஸ் பேக்கும். ஜஹாங்கீர் கடைசி நேரத்துல பாக்கப் போனப்போ நூர்ஜஹான் அவர காட்டி, இவர அடையாளம் தெரியுதான்னு அப்பாகிட்ட கேட்டாங்களாம். பிறவிக் குருடனே இங்க வந்து நின்னாலும் இந்த நெத்தில இருக்குற ராஜகளைய கண்டுபிடிச்சிடுவான்னு அர்த்தம் வர்ற பழைய பாரசீகக் கவிதை ஒண்ண மனுஷன் சொல்லிருக்காரு. சாகுற நேரத்துலயும் தர்பார் வாசகம் தப்பல.

அந்த வருஷமே ஷாஜஹான் கலகம் பண்ணிட்டாரு. 1624ல ராஜ்மஹால் பக்கம் அவரோட படைகிட்ட சண்டை போட்டு செத்தது இப்ராஹிம் கான், மும்தாஜோட சொந்த சித்தப்பா. 1626ல ஜீலம் ஆத்தங்கரைல தளபதி மஹாபத் கான் ஜஹாங்கீரயே சிறைப்பிடிச்சது தனிக் கதை, நோட்டுல ஒரு வரி போதும், ஆசஃப் கான் அட்டோக் கோட்டைக்கு ஓடிட்டாரு, நூர்ஜஹான் யானை மேல ஏறி ஆத்த தாண்டி சண்டைக்குப் போனாங்க.

1627 அக்டோபர் கடைசில காஷ்மீர்லேர்ந்து திரும்புற வழில ஜஹாங்கீர் செத்தாரு. இங்க ஆசஃப் கான் பண்ணத வரி வரியா எழுதுங்க, ஒரு சதுரங்க ஆட்டம் மாதிரி இருக்கும். ஷாஜஹான் தூரத்துல தக்காணத்துல ஜுன்னார்ல. உடனே பனாரஸிங்கிற ஓட்டக்காரன்கிட்ட தன் முத்திரை மோதிரத்த குடுத்து அனுப்புனாரு, மூணு வாரத்துல அது போய் சேந்துடுச்சு. அது வரைக்கும் ராஜா நாற்காலி காலியா இருக்கக் கூடாதேன்னு குஸ்ரூவோட மகன் தாவர் பக்ஷ உக்கார வச்சாரு, அந்தக் காலத்து ஆளுங்களே அந்தப் பையன பலியாடுன்னுதான் சொன்னாங்க. சொந்தத் தங்கச்சி நூர்ஜஹான காவல்ல வச்சாரு. லாகூர்ல ஷஹ்ரியார தோக்கடிச்சு கண்ண குருடாக்கி, ஷாஜஹான் உத்தரவு வந்ததும் தாவர் பக்ஷ், ஷஹ்ரியார் எல்லாரையும் முடிச்சுட்டாங்க. 1628ல ஷாஜஹான் ஆக்ராவுல பட்டத்துக்கு வந்தாரு. ஆசஃப் கான் வக்கீல், பின்னாடி 9000/9000. நூர்ஜஹானுக்கு வருஷம் 2 லட்சம் ரூபா, லாகூர்ல விதவை மகளோட அமைதியா இருந்து 1645ல போனாங்க.

நூர்ஜஹான் கோஷ்டின்னு ஒண்ணு இருந்துச்சு, அப்பா அண்ணன் ஷாஜஹான் எல்லாரும் சேந்து ஆட்சிய புடிச்சு வச்சிருந்தாங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா உண்டு. ஒரே குடும்பங்கிறதால ஒரே கட்சின்னு நினைச்சா 1627ல நடந்தது புரியாது. எனக்கு அந்தப் பேச்சு ஒத்துவரல. நோட்டுல மத்த குடும்பங்களோட மன்சப் உயர்வயும் பென்சில்ல போட்டுப் பாருங்க, அந்த வருஷங்கள்ல இவங்களுக்கு சொந்தமே இல்லாத நிறைய பேரும் ஏறிருக்காங்க.

கடைசிப் பக்கம்

இப்ப அந்தக் காலிப் பக்கத்துக்கு வாங்க. மூணு வரிதான்.

1622, கியாஸ் பேக். வழக்கப்படி எல்லாம் கஜானாவுக்குப் போகணும். ஜஹாங்கீர் மொத்தத்தையும் நூர்ஜஹானுக்குக் குடுத்துட்டாரு, மகன் ஆசஃப் கானுக்கு இல்ல. கூடவே ராஜாவோட முரசுக்கு அடுத்து அவங்க முரசு அடிக்கலாம்னு உத்தரவு. அந்தக் காசுல என்ன ஆச்சுன்னு பாக்கணும்னா ஆக்ராவுல யமுனைக்கு அந்தாண்ட கரைக்குப் போங்க, 1628 வரைக்கும் கட்டுன வெள்ளைச் சலவைக்கல் கல்லறை, கலர் கல்லு பதிச்சு குப்பி, கிண்ணம், சைப்ரஸ் மரம், பூ ஜாடின்னு இழைச்சிருப்பாங்க. உள்ள அம்மாவும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல. தாஜ்மஹால பாத்துட்டு மதியம் ரயிலுக்கு ஓடுறவங்க இத பாக்காமயே போயிடுறாங்க, தாஜ்மஹாலுக்கு முன்னாடி இத பாத்தாத்தான் அந்த வேலைப்பாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும்.

1641, ஆசஃப் கான், லாகூர். விட்டுட்டுப் போனது ரெண்டரை கோடி ரூபா. ஷாஜஹான் மாமனார்னும் பாக்கல, மும்தாஜோட அப்பான்னும் பாக்கல, மகன்கள் மகள்களுக்கு 20 லட்சம், அந்தப் பெரிய லாகூர் மாளிகை தாரா ஷிகோவுக்கு, மிச்சம் கஜானாவுக்கு. தாரா பேரன்தான, வீட்டுக்குள்ளயே போச்சுன்னு சொல்லலாம், ஆனா மகன் ஷாயிஸ்தா கானுக்குப் போகல பாருங்க.

1694, ஷாயிஸ்தா கான். அவரு தன் நம்பர தானே சம்பாதிச்சவரு, 1663ல பூனாவுல சிவாஜி ராத்திரியில உள்ள பூந்து தாக்குனப்போ விரல் போச்சு, அடுத்து வங்காளத்துக்கு மாத்துனாங்க, 1666ல அவரு மகன் புசுர்க் உமேத் கான் தலைமைல சிட்டகாங்க புடிச்சாங்க. கியாஸ் பேக் ஊர விட்டு கிளம்புனதுலேர்ந்து இது வரைக்கும் 117 வருஷம், நாலு ராஜாவுக்குக் கீழ.

இது முடிஞ்சதும் அதே நோட்டுல பின்பக்கமா பைராம் கான் குடும்பத்த ஆரம்பிங்க, அக்பர் சின்னப் பையனா இருந்தப்போ அவருக்காக ஆட்சிய பாத்துக்கிட்டவரு இவரு. அங்க கணக்கு தலைகீழா ஓடும், அப்பா உச்சத்துலேர்ந்து விழுந்து 1561ல குஜராத் பாடன்ல குத்துப்பட்டு சாகுறாரு, மகன் அப்துர் ரஹீமுக்கு அப்போ நாலு வயசு. முதல் வரில பைராம் கான எழுதாதீங்க, அந்த நாலு வயசுப் பையன எழுதுங்க, அக்பர் அவன தன்கிட்ட கூட்டிட்டு வந்து வளத்தாரு, அப்பாகிட்ட இருந்த கான் இ கானான், அதாவது கான்களுக்கெல்லாம் கான்ங்கிற பட்டம் அவன்கிட்ட திரும்பி வர 20 வருஷத்துக்கு மேல ஆச்சு.